நீலப் பூங்குருவியும் நீலத்தலைப் பூங்குருவியும்: வேலூர்க் குன்றுகளில் இரண்டையும் பிரித்தறியவும் அவற்றின் பாதுகாப்பு நிலையைப் புரிந்துகொள்ளவும் ஒரு முழு வழிகாட்டி

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொலவடை உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்துவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் இரு கரையும் புரண்டு ஓடியதை நாமே பார்த்தோம். மலை மட்டும்தான் இன்னும் அப்படியே இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் பாறைமேல் பாறை கிடக்கும், இடுக்குகளில் கொஞ்சம் புல்லும் முள்ளும் இருக்கும், அவ்வளவுதான். அந்த மொட்டைப் பாறையைத் தேடி ஒவ்வொரு ஆண்டும் இமயமலைப் பக்கத்திலிருந்து ஒரு பறவை வருகிறது. நீலப் பூங்குருவி என்று பெயர். அதன் நெருங்கிய உறவான நீலத்தலைப் பூங்குருவியும் அதே மாதங்களில் வருகிறது. ஆனால் அது மொட்டைப் பாறையில் தங்காது, மரநிழல் உள்ள ஜவ்வாது, ஏலகிரிச் சரிவுகளைத் தேடிப் போய்விடும்.

இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது, எங்கே எப்போது தேடுவது, பார்த்ததை எப்படிப் பதிவது, இரண்டுக்கும் ஒரே பாதுகாப்பு நிலை கொடுக்கப்பட்டிருப்பதை நம் ஊரிலிருந்து எப்படிப் படிப்பது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். பழைய வடாற்காடு மாவட்டத்துக்குள் இருக்கும் யாரும், அதாவது இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் இருப்பவர்கள், ஒரு பைனாகுலரும் இரண்டு விடுமுறை நாட்களும் இருந்தால் இதைச் செய்துவிடலாம்.

முதல் படி: இரண்டையும் பெயரால் அறிமுகம் செய்துகொள்ளுங்கள்

இரண்டும் மான்டிகோலா என்ற ஒரே பேரினம். லத்தீனில் அதற்கு மலையில் வாழ்வது என்று பொருள். நீலப் பூங்குருவியின் அறிவியல் பெயர் மான்டிகோலா சாலிடேரியஸ். தனித்திருப்பது என்று பொருள் தரும் இந்தப் பெயரை 1758-ல் லின்னேயஸ் வைத்தார். பறவையின் குணத்துக்கு இவ்வளவு பொருந்துகிற அறிவியல் பெயர்கள் அதிகம் இல்லை. குளிர்காலம் முழுவதும் அது தனியாகத்தான் இருக்கும், தன் பாறைப் பக்கம் இன்னொன்றை அண்டவிடாது. நீலத்தலைப் பூங்குருவி மான்டிகோலா சிங்க்ளோரிங்கா.

பெயரில் பூங்குருவி என்று இருந்தாலும் இந்த இரண்டும் உண்மையான பூங்குருவிக் குடும்பத்தில் இன்று இல்லை. மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு பாறைப் பூங்குருவிகள் எல்லாம் ஈப்பிடிப்பான் குடும்பத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. பழைய புத்தகங்களில் ஒரு இடத்திலும் புதிய பட்டியல்களில் வேறு இடத்திலும் தேட வேண்டியிருப்பது இதனால்தான். நம் கருஞ்சிட்டும் குண்டுக்கரிச்சானும் இதே குடும்பம்தான். குனிந்து நிமிரும் நடையிலும் வாலை ஆட்டும் விதத்திலும் அந்த உறவு தெரியும்.

இரண்டாம் படி: பறவைக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தில்தான் முதலில் கண் வைப்பார்கள். இந்த இரண்டு பறவைகளைப் பொறுத்தவரை அது தாமதமான வழி. அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வெயில் விழும் திறந்த பாறை, இடிந்த மதில், கல் குவாரியின் விளிம்பு, மலைக்கோயில் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர், சில நேரம் ஊருக்குள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, இதெல்லாம் நீலப் பூங்குருவியின் இடம். அது உயரமான ஒரு கல்லின் உச்சியில் நிமிர்ந்து உட்காரும். கோட்டைக்குக் கிழக்கே உள்ள குன்றுகளில் சிதைந்து நிற்கும் மலைக்கோட்டை மதில்களையும் வள்ளிமலைப் பாறைகளையும் காலையில் பொறுமையாகத் துழாவிப் பாருங்கள். வேலூர்க் கோட்டையின் கருங்கல் மதிலும் அகழி ஓரமும்கூட அதற்குப் பிடித்த அமைப்புதான்.

மரநிழல், சருகு, நடுக்கிளை என்றால் அது நீலத்தலைப் பூங்குருவியின் இடம். கணியம்பாடி வழியாகப் போய் அமிர்தி அடையும் சாலையில், ஜவ்வாது அடிவாரத்தில் ஓடையை ஒட்டிய காடு தொடங்கும் இடம் இதற்கு நல்ல தொடக்கம். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் பக்கத்தைப் போன்ற மரம் அடர்ந்த சரிவுகளும், 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போகும் ஏலகிரியின் நிழலான தோப்புகளும் தேடத் தகுந்தவை. இங்கெல்லாம் அது உச்சிக்கிளையில் உட்காராது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு கிளையில் அசையாமல் இருக்கும், திடீரெனத் தரைக்கு இறங்கிச் சருகைப் புரட்டும், மறுபடி கிளைக்குப் போய்விடும். நடந்துகொண்டே தேடினால் கண்ணில் படவே படாது. நீங்கள் நின்றுவிட வேண்டும். சருகில் ஒரு சலசலப்பு கேட்டு, அது ஓணான் இல்லை, தவிட்டுக் குருவிக் கூட்டமும் இல்லை என்றால் அந்தத் திசையில் பைனாகுலரை வையுங்கள்.

மரமில்லாத மலைக்கு ஒன்று, மரமுள்ள மலைக்கு ஒன்று என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டும் சந்திக்கும் விளிம்புகளும் உண்டு. ஏலகிரி ஏற்றத்தில் ஒரு பக்கம் பாறைச் சரிவு, மறுபக்கம் மரக்கூட்டம் இருக்கும் வளைவுகளில் இரண்டுமே சாத்தியம். அங்கேதான் நிறம் தேவைப்படும்.

மூன்றாம் படி: ஆணைப் பிரித்தறிதல்

நீலப் பூங்குருவி ஆண் தலை முதல் வயிறு வரை ஒரே மந்தமான சிலேட்டு நீலம். இறக்கையும் வாலும் கருமைக்கு நெருக்கம். நீளம் 20 முதல் 23 செ.மீ., அலகு நீளமாக, மெல்லியதாக இருக்கும். நம்மூர்ச் சின்னானை அளவுகோலாக வைத்தால் அதைவிடச் சற்றே பெரியது.

நீலத்தலைப் பூங்குருவி ஆண் சிறியது, 16 முதல் 19 செ.மீ., சின்னானுக்குள் அடங்கிவிடும். உச்சந்தலை நீலம், தொண்டை நீலம், கண்ணை மூடிப் பின்கழுத்து நோக்கிப் போகும் கறுப்புப் பட்டை. மார்பும் வயிறும் இடுப்பும் செங்காவி. இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கும். அந்த வெள்ளைத் திட்டை மட்டும் மறக்காதீர்கள். பறக்கும்போது மற்ற எல்லாம் மங்கிவிடும், அது மட்டும் பளிச்சென்று தெரியும்.

புத்தகப் படங்களை நம்பிப் போனால் ஒரு சிக்கல் வரும். அவை பெரும்பாலும் கோடை உடையில் இருக்கும் ஆணைக் காட்டுகின்றன. நம் ஊருக்கு அவை வருவது குளிர்கால உடையில். அப்போது இறகுகளின் நுனியில் வெளிறிய, கருத்த ஓரங்கள் இருக்கும். நீலப் பூங்குருவியின் மேல் சாம்பல் பூத்ததுபோலத் தெரியும். நீலத்தலையின் நீலமும் செம்மையும் அரைகுறையாக மறைந்திருக்கும். குளிர்காலம் போகப் போக அந்த நுனிகள் தேய்ந்து உதிர்ந்து, உள்ளே இருந்த நிறம் வெளியே வரும். ஐப்பசியில் பார்த்த பறவையை மாசியில் மறுபடி பார்த்தால் வேறு பறவையோ என்று தோன்றும்.

இதை நான் கண்ணால் கண்ட காலை ஒன்று உண்டு. மாசி மாதம், குன்றின் கிழக்குப் பக்கம், வெயில் வந்து அரை மணி ஆகியிருக்கும். ஒரு ஆண் என்னிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில் பாறையில் இறங்கியது, கையளவு நீளமுள்ள ஒரு பூரானுடன். அதைப் பாறையில் இடப்பக்கம் ஒரு அடி, வலப்பக்கம் ஒரு அடி என்று மாற்றி மாற்றி அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் முதுகிறகு குலுங்கும். மார்பில் இரண்டு மூன்று இறகு நுனிகளில் மட்டும் வெளுப்பு மிச்சம் இருந்தது, மற்ற இடமெல்லாம் சுத்த நீலம். பூரானின் கால்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து பாறையில் கிடந்தன. விழுங்கிய பிறகு அலகின் இரு பக்கத்தையும் கல்லில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, ஒருமுறை குனிந்து நிமிர்ந்து, அடுத்த கல்லுக்குப் போனது. அந்தக் கல்லின் உச்சியில் வெள்ளையாக எச்சக்கறை படிந்து வழிந்திருந்தது. அன்று முதல் குன்றுக்குப் போனால் பறவையைத் தேடுவதற்கு முன் வெள்ளைக் கறை படிந்த உச்சிக்கல்லைத்தான் தேடுகிறேன். நீங்களும் அப்படியே தேடுங்கள். வல்லூறும் ஆந்தையும்கூட அப்படிக் கறை வைக்கும் என்பதால் கறையைப் பார்த்தே முடிவுகட்டிவிட வேண்டாம். காத்திருந்து பறவையைப் பாருங்கள்.

நான்காம் படி: பெண்ணைப் பிரித்தறிதல்

கடினமான பகுதி இதுதான். தவறான பதிவுகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன.

இரண்டின் பெண்களும் பழுப்பு, இரண்டின் அடிப்பக்கமும் செதில் செதிலாக இருக்கும். நீலப் பூங்குருவிப் பெண்ணின் மேல்பக்கப் பழுப்பில் ஒரு சாம்பல் நீலச் சாயல் கலந்திருக்கும், நல்ல வெளிச்சத்தில் முதுகிலும் இடுப்பிலும் அது தெரியும். அடிப்பக்கம் மங்கிய மஞ்சள் கலந்த பழுப்பு, அதில் கருத்த வரிகள் நெருக்கமாக ஓடும். தூரத்தில் வயிறு இருட்டாகவே தெரியும்.

நீலத்தலைப் பெண்ணின் மேல்பக்கம் ஒரே சீரான ஆலிவ் பழுப்பு, நீலச் சாயல் கிடையாது. அடிப்பக்கம் வெண்மை, அந்த வெண்மையின்மேல் அடர்ந்த பழுப்புச் செதில்கள். கெண்டை மீனைத் திருப்பிப்போட்டதுபோல ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும். அலகு குட்டை, உடல் கட்டையானது, கண் பெரிதாகத் தோன்றும்.

நின்று பார்க்க நேரம் கிடைத்தால் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றின் அடிநிறம் வெள்ளையா, பழுப்பா? முதுகில் நீலம் கொஞ்சமாவது இருக்கிறதா? அலகு தலையின் நீளத்துக்கு நெருங்குகிறதா, குட்டையா? மூன்றுக்கும் விடை ஒரே பக்கம் சாய்ந்தால் எழுதுங்கள். இரண்டு ஒரு பக்கமும் ஒன்று மறுபக்கமும் என்றால், பாறைப் பூங்குருவி, இனம் உறுதியில்லை என்று எழுதுங்கள். பறவைப் பட்டியல்களை யாரும் ஏற்றக்கூடிய இ-பேர்ட் இணையதளத்தில் அப்படிப் பதியவும் இடம் இருக்கிறது. நான் முதல் இரண்டு குளிர்காலங்களில் பெண் பறவைகளை எல்லாம் ஊகித்தே எழுதினேன். பிறகு படங்களை வைத்துச் சரிபார்த்தபோது நான்கு பதிவுகளை மாற்ற வேண்டியிருந்தது. உறுதியில்லை என்ற பதிவைத் தவறான பெயரோடு இருக்கும் பதிவைவிட உயர்வாகவே இப்போது மதிக்கிறேன்.

ஐந்தாம் படி: ஏமாற்றும் மற்ற பறவைகள்

கருஞ்சிட்டு ஆண்தான் முதல் எதிரி. குன்றுகளில் அது எங்கும் உண்டு, எதிர்வெயிலில் இரண்டும் கறுப்பாகவே தெரியும். கருஞ்சிட்டு வாலைத் தூக்கிப் பிடிக்கும், வாலடி செம்மையாக இருக்கும், தோளில் வெள்ளை இருக்கும். நீலப் பூங்குருவி வாலைத் தாழ்த்தியே வைக்கும், உடலும் தெளிவாகப் பெரியது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வரும்படி இடம் மாறினால் பெரும்பாலான சந்தேகம் தீர்ந்துவிடும்.

நிழல் காட்டில் டிக்கல் நீல ஈப்பிடிப்பான் ஏமாற்றும். அதற்கும் மேல்பக்கம் நீலம், மார்பு செம்மை. ஆனால் வயிறு வெள்ளை, உருவம் சிட்டுக்குருவி அளவுதான், இறக்கையில் வெள்ளைத் திட்டு கிடையாது. செந்தலைப் பூங்குருவி நீலத்தலையைத் தலைகீழாகப் போட்ட வண்ணம்: தலையும் வயிறும் செம்மஞ்சள், முதுகு நீலச் சாம்பல். அதுவும் சருகைப் புரட்டும் பறவை என்பதால் அமிர்தி போன்ற இடங்களில் அவசரப்படாமல் தலையைப் பாருங்கள். மலை ஓடைகளில் வாழும் சீகாரப் பூங்குருவி மைனாவின் அளவு, கருநீலம், நெற்றியிலும் தோளிலும் பளபளக்கும் நீலம். ஒருமுறை பார்த்தால் குழப்பம் வராது.

குரலை நம்பி இந்த இரண்டையும் தேட வேண்டாம். கோடையில் இனப்பெருக்க இடங்களில் நன்றாகப் பாடும் இவை குளிர்காலத்தில் நம் ஊரில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை.

ஆறாம் படி: காலம் பார்த்துப் போங்கள்

புரட்டாசிக் கடைசியிலிருந்து பங்குனி வரை இரண்டுக்கும் காலம். மழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி மூன்றும் மிக நல்லவை. நீலப் பூங்குருவியைக் காலை ஏழு மணி முதல் ஒன்பதரை வரை தேடுங்கள். பாறை சூடேறிய பின் அது நிழலிடுக்குக்குள் போய்விடும். நீலத்தலையை நடுப்பகலிலும் பார்க்கலாம், நிழல் இருக்கிறதே. காப்புக்காட்டுக்குள் போக வேண்டுமானால் வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

குன்றுகளில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்காமல் திரும்பாதீர்கள். ஒரு மார்கழிக் காலையில் நான் பாறைக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் ஆடுகளோடு வந்து நின்றார்.

“இன்னா நைனா, ரொம்ப நேரமா பாறையையே பாத்துனு கீற?”

“ஒரு குருவி தாத்தா. நீலமா இருக்கும். தனியாத்தான் திரியும்.”

“கல்லுக்குருவியா? அது இந்தாண்ட வராது. அந்தாண்ட மொண்டிக் கல்லு கீதில்ல, அதும்மேல ஒக்காரும். மழ வந்தா வரும், மாங்கா காய்க்கற நேரத்துல பூடும்.”

மொண்டிக் கல்லுக்குப் போனேன், பெண் ஒன்று அங்கே இருந்தது. அவர் சொன்ன காலக்கணக்கும் சரிதான். மழை என்றால் வடகிழக்குப் பருவமழை, மாங்காய் காய்ப்பது பங்குனி. அதன்பின் மூன்று குளிர்காலம் தொடர்ந்து அந்தக் கல்லில் நீலப் பூங்குருவியைப் பார்த்திருக்கிறேன். காலில் வளையம் இடாத பறவையை அதே பறவை என்று எழுதக் கூடாது என்பதால் என் குறிப்பில் அதே இடம் என்று மட்டும் இருக்கிறது.

ஏழாம் படி: பாதுகாப்பு நிலையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இனி கவலைக்குரிய பகுதி. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இந்த இரண்டுக்கும் ஒரே நிலைதான்: கவலை குறைந்த இனம். இதைப் படித்ததும் பலர் பட்டியலை மூடிவிடுகிறார்கள். மூடுவதற்கு முன் அந்தச் சொல் எதை அளக்கிறது என்று பாருங்கள்.

ஒரு பறவை அழிய வாய்ப்புள்ள இனம் என்ற கட்டத்துக்குப் போக வேண்டுமானால் சில அளவுகோல்கள் உண்டு. பத்து ஆண்டுகளிலோ மூன்று தலைமுறைகளிலோ, எது நீளமோ அந்தக் காலத்தில், எண்ணிக்கை 30 விழுக்காடாவது குறைந்திருக்க வேண்டும். அல்லது பரவியிருக்கும் பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குள் சுருங்கி, அதுவும் துண்டுபட்டுக் குறைந்துகொண்டே இருக்க வேண்டும். அல்லது முதிர்ந்த பறவைகள் 10,000-க்குக் கீழே வந்து தொடர்ந்து குறைய வேண்டும். இன்னும் சில உண்டு. எல்லாமே உலகம் முழுவதையும் ஒரே வட்டமாக எடுத்துப் பார்க்கும் அளவுகள். வேலூர் மாவட்டத்தில் ஒரு குன்று காணாமல் போவது அந்தத் தராசில் ஒரு தூசிகூட ஆகாது.

இப்போது இரண்டையும் அருகருகே வையுங்கள். நீலப் பூங்குருவி தென் ஐரோப்பாவிலிருந்து வட ஆப்பிரிக்கா, மத்திய ஆசியா, இமயம், சீனா வழியாக ஜப்பான் வரை இனப்பெருக்கம் செய்கிறது. மால்டா நாட்டின் தேசியப் பறவையும் அதுதான். ஜப்பான் பக்கத்து ஆணுக்கு வயிறு செம்மையாக இருக்கும், நம் ஊருக்கு வருவது பாண்டூ என்ற துணையினம், முழுக்க நீலம். ஒரு நாட்டில் அடி விழுந்தாலும் இன்னொரு நாட்டில் தப்பித்திருக்கும் அளவுக்கு அது விரிந்து கிடக்கிறது.

நீலத்தலைப் பூங்குருவிக்கு அந்த வசதி இல்லை. ஆப்கானிஸ்தான் எல்லைப் பக்கத்திலிருந்து அருணாசலப் பிரதேசம் வரை இமயத்தின் நடுத்தர உயரக் காடுகளில் கூடு கட்டும். பைன், ஓக் மரங்களுக்கு அடியில், மண் சரிவிலோ வேர்களின் இடுக்கிலோ கூடு இருக்கும். குளிர்காலத்துக்குப் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும், ஒரு பகுதி நம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் வடகிழக்கு மலைகளிலும் தங்கும். ஏறத்தாழ ஒரே மலைத்தொடரில் பிறப்பு, ஒன்றிரண்டு மலைத்தொடர்களில் குளிர்காலம். அங்கே காட்டுத்தீ, இங்கே நிழல் மரம் வெட்டுவது என்று இரு முனையிலும் இழப்பு நேர்ந்தால் சாய்ந்துகொள்ள வேறு இடம் குறைவு. பட்டியலில் ஒரே சொல் இருந்தாலும் கையிருப்பு ஒன்றுக்கு நிறைய, இன்னொன்றுக்குக் கொஞ்சம். இந்த வேறுபாட்டைப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் படியின் நோக்கம்.

மூன்றாவதாக ஒரு பறவையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், படம் முழுமையாகும். மஞ்சள்தொண்டைச் சின்னான் தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. நந்தி மலை, ஹார்ஸ்லி மலை போன்ற இடங்களில் பேர்பெற்றது. சிவப்புப் பட்டியலில் அது அழிய வாய்ப்புள்ள இனம். அது கேட்கும் இடமும் பாறையும் புதரும்தான். நீலப் பூங்குருவி ஆறு மாத விருந்தாளியாக வரும் அதே வகைக் குன்றில் அது ஆண்டு முழுவதும் குடியிருக்க வேண்டும். பாறையை வெடித்தால் விருந்தாளிக்கு இன்னொரு நாட்டில் வீடு உண்டு. குடியிருப்பவருக்கு இல்லை.

எட்டாம் படி: நம் ஊரில் ஆபத்து எங்கே என்று குறியுங்கள்

நீலப் பூங்குருவிக்குக் கல் குவாரி. ஒரு குன்றை உடைத்து ஜல்லியாக்கிவிட்டால் அதைத் திரும்ப வளர்க்க யாராலும் முடியாது, காடு வெட்டினாலாவது கன்று நடலாம். நான் பார்த்து வந்த ஒரு சிறு குன்றில் மேற்குப் பாதி இன்று இல்லை. குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். இது தரிசு நிலம், இங்கே காடு எதுவும் இல்லையே என்ற பதில்தான் வந்தது. மரம் இல்லாவிட்டால் தரிசு என்ற கணக்கு நம் மனத்தில் ஆழமாக ஊறியிருக்கிறது. அதே கணக்கில்தான் நல்லெண்ணத்தோடு மொட்டைக் குன்றுகளில் குழி தோண்டி மரம் நடவும் கிளம்புகிறார்கள். பாறைக் குன்றை அப்படியே விடுவதும் பாதுகாப்புதான் என்பது என் உறுதியான கருத்து. மரம் நட ஏரிக்கரையும் சாலையோரமும் இருக்கின்றன.

நீலத்தலைப் பூங்குருவிக்கு ஆபத்து தரையில் இருக்கிறது. அது சருகைப் புரட்டிப் பிழைக்கும் பறவை. மாசி, பங்குனியில் மலையில் வைக்கும் தீ, சருகையும் அதற்குள்ளிருக்கும் பூச்சியையும் சேர்த்தே எரித்துவிடும். உன்னிச்செடி புதராக மண்டினால் தரையே கிடைக்காது. ஜவ்வாதில் பலா மரங்களும் நிழல் மரங்களும் நிற்கும் தோட்டங்களை வைத்திருப்பவர்கள், மரத்தடிச் சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டாலே பெரிய உதவி.

முன்னுதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, ஏழு குன்றுகள் சூழ்ந்த பாறை ஊர், 2022 நவம்பரில் உயிரியற் பன்மயச் சட்டம் 2002-ன் கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே வல்லூறுகளும் கழுகுகளும் பறவை ஆர்வலர்களின் பதிவுகளில் ஏற்கெனவே இருந்தன. குவாரிக்கு ஊர் மக்கள் காட்டிய எதிர்ப்போடு அந்தப் பதிவுகளும் கைகொடுத்தன.

ஒன்பதாம் படி: பதிவு செய்யுங்கள், குளிர்காலத்தில் செய்யுங்கள்

சுரங்கத்துக்கும் குவாரிக்குமான சுற்றுச்சூழல் அனுமதி 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வருகிறது. அதற்கான ஆவணத்தில் அந்த இடத்தின் உயிரினப் பட்டியல் ஒன்று இருக்கும். ஏதாவது குன்றைப் பற்றி அப்படி ஒரு ஆவணம் உங்கள் கைக்கு வந்தால் முதலில் கணக்கெடுத்த மாதத்தைப் பாருங்கள். சித்திரையிலோ ஆனியிலோ எடுத்திருந்தால் இந்த இரண்டு பறவைகளும் அதில் இருக்க வழியே இல்லை, அப்போது அவை இமயத்தில் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். குளிர்கால வருகையாளர்கள் விடுபட்டிருக்கிறார்கள் என்று எழுத்தில் சொல்ல உங்களிடம் தேதியிட்ட பதிவு இருக்க வேண்டும்.

அதற்கான முறை எளிது. ஒரு குன்றையோ ஒரு காட்டுப்பாதையையோ தேர்ந்துகொண்டு மாதம் இரண்டு முறை, குறைந்தது 15 நிமிடம், கண்ட பறவைகள் எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு இ-பேர்டில் முழுப் பட்டியலாகப் போடுங்கள். காகத்தையும் மைனாவையும் விடாதீர்கள். பூங்குருவியை மட்டும் எழுதினால் அது வெறும் பார்வைக் குறிப்பு. எல்லாவற்றையும் எழுதினால்தான் எதைப் பார்க்கவில்லை என்பதும் தகவலாகும். எங்கே உட்கார்ந்திருந்தது, என்ன தின்றது என்று இரண்டு வரி குறிப்பு சேருங்கள், மங்கலாக இருந்தாலும் படம் இணையுங்கள். 2015 முதல் தமிழகத்தில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தை முதல் வாரத்தில் வருவதால் இரண்டு பறவைகளும் ஊரில் இருக்கும் நேரம் அது. குடும்பத்தோடு ஒரு காலை குன்றுக்கும் மறுநாள் அமிர்திப் பக்கமும் போய்வரலாம்.

இவை எங்கே போய்ச் சேருகின்றன என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 942 பறவையினங்களை மதிப்பிட்ட இந்தியப் பறவைகளின் நிலை 2023 அறிக்கை, பொதுமக்கள் இட்ட இத்தகைய பட்டியல்களை வைத்தே எழுதப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்திருப்பதாக அது சொல்கிறது. மற்றவற்றுக்கு அந்த அளவு நீண்டகாலத் தரவு இல்லை. வேலூர்ப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து போகும் ஒவ்வொரு பட்டியலும் அங்கேதான் சேரும்.

பத்தாம் படி: பங்குனியில் நிறுத்திவிடாதீர்கள்

வந்த தேதியை எல்லோரும் குறிப்பார்கள், போன தேதியைக் குறிப்பவர்கள் குறைவு. பங்குனி பிறந்ததும் வாரம் ஒருமுறை அதே கல்லுக்குப் போங்கள். பறவை இருக்கும்வரை எழுதுங்கள், காணாமல் போன பிறகும் இரண்டு வாரம் அதே நேரத்தில் அதே 15 நிமிடம் உட்கார்ந்து முழுப் பட்டியல் போடுங்கள். போன ஆண்டு என் கடைசிப் பட்டியலில் கருஞ்சிட்டு இரண்டு, சின்னான் நான்கு, பனை உழவாரன் ஒன்பது இருந்தன. மொண்டிக் கல்லின் உச்சியில் வெள்ளைக் கறை மட்டும் காய்ந்து கிடந்தது. பெரியவரின் ஆடுகள் நிழல் தேடி ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தன. அந்தப் பட்டியலையும் ஏற்றிவிட்டு, ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமையை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தேன்.